அரைநாள் சித்தப்பா

"நெசத்தைச் சொல்லு. பொய்யை நான் சொல்லிக்கிறேன்" என்றார் அடைக்கலம், இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறந்து கரியை ஊதிக்கொண்டே.

எதிரே நின்ற பையன் ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்தான். ஆறாம் வகுப்பு. சரித்திரப் புத்தகத்தில் இருந்த படங்களுக்கெல்லாம் மீசை வரைந்துவிட்டான். தன் புத்தகத்தில் வரைந்திருந்தால் பரவாயில்லை. அது வாத்தியாரின் புத்தகம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்புக்குள் இடம் என்று காலையிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"ராசாக்களுக்கு மட்டுமா, ராணிக்குமா?"

"ராணிக்குந்தான்."

அடைக்கலம் சிரித்த சிரிப்பில் பெட்டியிலிருந்து சாம்பல் பறந்தது. "அப்பன் எங்க?"

"சூளையில."

"அம்மா?"

"நடவுக்குப் போயிருக்குது."

"சரி. கேட்டாண்ட போயி நில்லு. அழுவாத. நான் வரும்போது என்னைப் பார்த்து நடுங்கு. தெரியுதா? நல்லா நடுங்கணும்."

பையன் ஓடினான். அடைக்கலம் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, மடித்து அடுக்கியிருந்த சலவைத் துணிகளில் மேலாக இருந்த ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து உதறி மாட்டிக்கொண்டார். அது தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவருடையது. அவர் அதை மாலையில்தான் வாங்க வருவார்.

இது எழுபதாம் வருடத்துக் காட்சி. விருத்தாசலத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு நடுநிலைப்பள்ளி இருக்கிறது. அதன் மதில் சுவரில் சாய்த்துப் போட்ட நாலு தகரம்தான் அடைக்கலத்தின் இஸ்திரிக் கடை. ஒரு மேஜை, அதன்மேல் தீய்ந்துபோன கம்பளி, ஒரு தண்ணீர்க் குவளை. ஆள் ஒல்லி, உயரம், நாற்பத்தைந்து வயது இருக்கும். பெட்டியைக் கன்னத்தருகே கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் பதறும். அவர் அந்த நேரத்தில் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார். ஆட்களைப் பெயர் சொல்லி அழைப்பது கிடையாது, வேலையைச் சொல்லித்தான் அழைப்பார். நான் தபால் நிலையத்தில் இருப்பதால் எனக்கு 'போஸ்டாபீசு சார்' என்று பெயர். "போஸ்டாபீசுக்குக் காலரு கிழிஞ்சிடுச்சி, திருப்பித் தைக்கச் சொல்லணும்" என்று என் சட்டையிடமே பேசிக்கொண்டிருந்ததை ஒருநாள் கேட்டிருக்கிறேன்.

பள்ளிக்குப் போவதற்குத் தன் சட்டையை அவர் போட்டுக்கொண்டதே இல்லை. அவருடையதெல்லாம் தீப்பொறி பட்டு ஓட்டை விழுந்தவை. "அழுக்குச் சட்டையோட போனா, புள்ளையோட சேத்து என்னையும் வெளியில நிறுத்திடுவாங்க சார்" என்பார். என் சட்டையும் இரண்டு முறை போய்வந்திருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது. அவராகவே சொன்னார், ஏதோ எனக்குச் செய்த உபகாரம் போல: "உங்க சட்டை நல்ல ராசி சார். போட்டுக்கிட்டுப் போனா அஞ்சே நிமிசத்துல புள்ளையை உள்ள வுட்டுடுறாங்க."

அப்பா என்று மட்டும் ஒருபோதும் சொல்ல மாட்டார். சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன் - இந்த மூன்றில் ஒன்று. "அப்பன்னு சொன்னா முழுப் பாவம். சித்தப்பான்னா பாதிதான்." அந்தக் கணக்கை அவர் மாதா கோயிலிலும் ஒப்பித்திருக்கிறார். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில், இந்த வாரமும் ஒரு பொய் சொன்னேன் சாமி என்று ஆரம்பித்தவர், முடிக்கும்போது, "வர்ற செவ்வாக்கெழம ஒண்ணு இருக்குது சாமி, அதையும் இப்பவே சேத்து மன்னிச்சிட்டீங்கன்னா தேவலாம்" என்றாராம். கூண்டுக்குள்ளே இருமத் தொடங்கிய சாமியார் நெடுநேரம் இருமிக்கொண்டே இருந்தார் என்று சொல்லிவிட்டு, "சிரிச்சாருன்னுதான் நெனைக்கிறேன்" என்பார்.

அப்போதிருந்த தலைமையாசிரியர் ஓய்வு பெறும் நிலையில் இருந்தவர். மேஜைமேல் இருக்கும் தாளிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்க்கிற வழக்கம் இல்லாதவர். விருத்தகிரிக்கும் சூசைநாதனுக்கும் காதர் பாட்சாவுக்கும் ஒரே ஆள் எப்படிச் சித்தப்பாவாக இருக்க முடியும் என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்க நேரம் தராத வித்தையும் அடைக்கலத்திடம் இருந்தது. அறைக்குள் நுழைந்ததுமே பையனை நோக்கிக் கையை ஓங்குவார். "ஏன்டா, உன்னைப் படிக்க வச்சதுக்கு இதுவாடா மரியாத? இரு, இன்னிக்கு உன் காலை ஒடிச்சி அடுப்புல வைக்கிறேன்!" பையன் சொல்லிக்கொடுத்தபடி நடுங்குவான். வாத்தியார் பதறி எழுந்து குறுக்கே வருவார். "வேணாம்பா, சின்னப் பையன், அடிக்காதே. நான் பாத்துக்கிறேன். நீ போ."

"நாம வாத்தியாரைவிட ஒருபடி மேல கோவப்படணும் சார். அப்பறம் அவரு நம்பகிட்ட இருந்து புள்ளையைக் காப்பாத்த ஆரம்பிச்சிடுவாரு" என்று எனக்கு விளக்கினார்.

கூலி எதுவும் வாங்குவதில்லை. பிள்ளைகளாகவே வீட்டில் தேங்காய் உடைத்தால் கொட்டாங்கச்சியைப் பொறுக்கி வந்து மதிலோரம் போட்டுவிட்டுப் போவார்கள். கரிக்கு ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஊரில் கல்யாணம், திருவிழா என்றால் அடைக்கலத்தின் கடையோரம் கொட்டாங்கச்சி மலை எழும்பும்.

விளையாட்டாகத் தோன்றும் இந்தக் காரியத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியச் சில காலம் ஆயிற்று. அப்பாவைக் கூட்டி வா என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒரே உத்தரவுதான். கடைத்தெரு நகைக்கடைக்காரரின் மகனுக்கும் அதே உத்தரவு. ஆனால் அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, தாழ்வாரத்தில் நின்றபடி ஆசிரியரிடம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிச் சிரித்துவிட்டுப் போனால் விஷயம் முடிந்தது. சூளையில் வேலை செய்கிறவர் காலைப் பத்து மணிக்கு வர வேண்டுமானால் அரைநாள் போகும். பீங்கான் தொழிற்பேட்டை வந்த பிறகு எங்கள் ஊரில் பாதி வீடுகள் சங்குச் சத்தத்துக்குத்தான் எழுகின்றன, படுக்கின்றன. சங்கு ஊதியபின் வாயிற்கதவைச் சாத்திவிடுவார்கள். 'நாளைக்கு வரேன்' என்று அப்பா சொல்வார். மறுநாளும் அதையே சொல்வார். பிள்ளை மதிலோரம் நின்று பார்க்கும். பிறகு ஒருநாள் நிற்பதையும் விட்டுவிடும். யாரும் அதைப் பள்ளியை விட்டு நீக்கவில்லை. அதுவாகவே போய்விட்டது என்று பதிவாகும்.

"அப்பனைக் கூட்டியா, இல்லாட்டி வராதன்னா, வராம இருக்கிறதுதான் சார் சுளுவு" என்று அடைக்கலம் ஒருநாள் சொன்னார்.

அவருக்கு அது நேர்ந்திருந்தது. ஐந்தாம் வகுப்பில் மையைக் கொட்டிவிட்டார். அவருடைய அப்பா மணிமுத்தாற்றில் ஊர்த் துணி வெளுத்தவர். மகனுக்காக ஈரக் கையோடு வந்தார். ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போக அவருக்குத் தைரியம் வரவில்லை. யாராவது வெளியே வந்து கூப்பிடுவார்கள் என்று நினைத்தார். யாரும் வரவில்லை. பள்ளி விட்டுப் பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு அப்பாவும் மகனும் வீட்டுக்குத் திரும்பினார்கள். "வழியில வறுத்த கல்லக்கா வாங்கிக் கொடுத்தாரு. நல்லா இருந்துச்சி. அதோட படிப்பு முடிஞ்சிடுச்சி" என்று சொல்லிவிட்டு, அடுத்த சட்டையைக் கம்பளியில் விரித்தார். குரலில் வருத்தம் இல்லை. அந்தக் கடலையின் ருசியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் போலிருந்தது.

அவருடைய மனைவி அமலராணிக்கு இந்த உத்தியோகத்தில் சம்மதம் இல்லை. மதியம் சோற்றுத் தூக்கோடு வருவார். கடையில் ஆள் இல்லாமல் பெட்டி மட்டும் புகைந்துகொண்டிருந்தால் நிற்கிறவர்களிடம் முறையிடுவார்: "ஊருல இருக்குற புள்ளைக்கெல்லாம் சித்தப்பன். எங்க மவ லீமா படிக்கிற ஸ்கூலு எந்தப் பக்கம்னு கேளுங்க சார், தெரியாது!"

திரும்பி வரும் அடைக்கலம் தூக்கை வாங்கிக்கொண்டே, "அவளைத்தான் எவனும் வெளியில நிறுத்தலியே. நிறுத்தட்டும், மொத ஆளா நான் போயி நிக்கிறேன்" என்பார்.

இப்படியே போயிருக்கும். தங்கதுரை என்ற பையன் வந்து அதைக் கெடுத்தான்.

ஏழாம் வகுப்பு. கண்ணில் நீர் முட்ட வந்து நின்றான். அப்பாவுக்குக் காய்ச்சல், வேலைக்கே போகாமல் படுத்திருக்கிறார், நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன், அதனால் பள்ளிக்கு வர முடியவில்லை என்றான். அடைக்கலம் நம்பிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அடுத்த மாதமும் வந்தான். அப்போதும் போனார். உண்மையில் அந்த நாட்களில் அவன் ரயில்வே ஜங்ஷனுக்குப் போய் ரயில் பெட்டிகளைக் கோக்கிறதையும் பிரிக்கிறதையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். பரீட்சை முடிவு வந்தபோதுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

அவன் அப்பா பக்கிரி கடைக்கு வந்தார். சூளைக்குத் தீ போடுகிறவர். வெக்கையில் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். சண்டைதான் வரப்போகிறது என்று நான் பயந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நான் உசுரோட இருக்கக்கொள்ள, எம் புள்ளைக்கு நீ என்னாத்துக்குய்யா போன?"

அடைக்கலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கிரி கையமர்த்தினார்.

"நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. எனக்குத் தெரியும். ஆனா அவன் அங்க வரவேயில்லன்னு ரெண்டு தடவ உங்கிட்ட சொல்லியிருக்காங்க. எங்கிட்ட ஒரு தடவகூட யாரும் சொல்லல. அரைநாளு கூலி போனா போவுதுன்னு நான் வந்திருப்பேனோ என்னவோ. வந்திருக்கவும் மாட்டேனோ என்னவோ. ஆனா வா வான்னு என்னைக் கூப்பிட்டது எனக்கே தெரியாமப் போச்சே."

சொல்லிவிட்டு நடந்தார். இஸ்திரிப் பெட்டி ஒரு வேட்டியின் மேல் இருந்ததை அடைக்கலம் மறந்துவிட்டார். தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எடுத்தார். அத்தனை வருடத்தில் அவர் கெடுத்த முதல் துணி அது.

அன்றோடு நிறுத்திவிட்டார். பிள்ளைகள் வந்தால், "அப்பன் கையக் கால புடிச்சாவது கூட்டியா. நான் வர மாட்டேன்" என்று அனுப்பிவிடுவார். அமலராணிக்கு நிம்மதி. ஆனால் நான் துணி கொடுக்கப் போகும்போதெல்லாம் அடைக்கலம் வேலையைவிட்டு மதிலோரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றிருந்தார். கடலூரிலிருந்து ராஜம்மாள் என்ற தலைமையாசிரியை மாற்றலாகி வந்தார். குடை பிடித்து நடந்து வருவார். யாரைப் பார்த்தாலும் முழுதாக நிமிர்ந்து பார்ப்பார். அவர் கணவர் ஆதிநாராயணனுக்கு ரயில்வேயில் வேலை. அவருடைய துணிகள் அடைக்கலத்திடம் வரத் தொடங்கின. ஆனால் அவற்றைக் கொண்டுவந்தது வேலைக்காரப் பெண் என்பதால், 'ரயில்வே' என்கிற அளவில்தான் அடைக்கலத்துக்குத் தெரியும்.

ஆகஸ்டில் வாசுகி வந்தாள். ஏழாம் வகுப்புப் பெண். இடுப்பில் ஒரு குழந்தை. அவளுடைய அம்மா ஆராயி பீங்கான் கம்பெனியில் கப்புகளுக்குக் காது, அதாவது கைப்பிடி, ஒட்டுகிறவர். அப்பா நெய்வேலிப் பக்கம் வேலைக்குப் போனவர், எப்போதாவது வருவார். தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி மகள் வீட்டோடு போய்விட்டாள். அதிலிருந்து வாசுகி நாலு நாள் வந்தால் நாலு நாள் வருவதில்லை. வகுப்பாசிரியர் வெளியே நிறுத்திவிட்டார்.

"அம்மாவைக் கூட்டியா புள்ள" என்றார் அடைக்கலம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரிங்க" என்று தம்பியை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் கம்பெனி மேஸ்திரி ஒருவருக்குத் துணி கொடுக்கப் போன இடத்தில், கொட்டகைக்குள் அவளைப் பார்த்தார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஈரக் கப்புகளுக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஆராயி பக்கத்தில் வாசுகி. தலையெல்லாம் வெள்ளை மாவு. தம்பி ஒரு சாக்கில் தூங்கினான். வாசுகி அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு காதை எடுத்து அச்சுப் பிசகாமல் ஒட்டிக் காட்டவும் செய்தாள். "கத்துக்கிட்டேன்" என்றாள்.

திரும்பி வந்து, "கையி அப்படி வேகமா இருக்குது சார் அந்தப் புள்ளைக்கு" என்று என்னிடம் சொன்னார். "ஒரு மாசத்துல பெரியவங்களுக்குச் சமமா ஒட்டும். அப்பறம் யாரு சொன்னாலும் அங்கேருந்து எழுந்திருக்காது."

மறுநாள் காலை பத்து மணிக்கு, இனி போக மாட்டேன் என்றதையெல்லாம் மறந்து, அடுக்கில் மேலாக இருந்த நீலக்கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குள் நுழைந்தார். அங்கே நடந்ததை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அதே சந்தோஷத்தோடு சொல்வார்.

கையை ஓங்கப் பிள்ளை கூட இல்லை. ஆகவே பணிவாகக் கும்பிட்டு, "வாசுகிக்குத் தாய்மாமனுங்க டீச்சரம்மா" என்றார்.

ராஜம்மாள் நிமிர்ந்து பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு மார்பைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது.

"சட்டை யாருது?"

"என்னுதுங்க."

"மூணாவது பொத்தான் மட்டும் ஏன் பச்சையா இருக்கு?"

அடைக்கலம் குனிந்து பார்த்தார். பச்சையாகத்தான் இருந்தது.

"வெள்ளைப் பொத்தான் வீட்டுல இல்ல. போன ஞாயித்துக்கிழமை என் பையன் சட்டையிலேருந்து அறுத்தெடுத்து நான்தான் தச்சேன்" என்றார் ராஜம்மாள். "எங்க வீட்டுக்காரர் காலையிலேருந்து அந்தச் சட்டையைத் தேடிக்கிட்டிருக்கார்."

"இந்தாங்க டீச்சரம்மா, இந்தாங்க" என்று அடைக்கலம் அங்கேயே பொத்தான்களைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

"ஐயோ, போடுங்க முதல்ல! போட்டுக்கிட்டுப் பேசுங்க!" என்று ராஜம்மாள் கத்தியதில் பியூன் ஓடி வந்துவிட்டான்.

அதற்குமேல் மறைக்க எதுவும் இல்லை. சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பக்கிரி வந்து கேட்டதையும் சொன்னார். சூளையையும், சங்கையும், பத்து மணியையும் சொன்னார். ராஜம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். கோபத்தில் சிவந்த முகம் நடுவில் எப்போது மாறியது என்று அடைக்கலத்துக்குத் தெரியவில்லை.

"சரி, நீங்க தாய்மாமன்னே வச்சுக்குவோம்" என்றார் கடைசியில். "பொண்ணு ஏன் வரல?"

"தம்பியைப் பாத்துக்குதுங்க."

"இன்னிக்கு நான் உள்ள விட்டுட்டேன்னா, நாளைக்குத் தம்பியை யாரு பாத்துக்குவாங்க?"

இனிமேல் ஒழுங்காக வருவாள் என்று சொல்லத்தான் அடைக்கலம் வந்திருந்தார். அதைத்தான் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் சொல்லியிருந்தார். அது எப்படி நடக்கும் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

"இதை அவங்கம்மாகிட்டதான் நான் பேசணும். உங்ககிட்ட பேசி என்ன ஆகப்போகுது?" என்றார் ராஜம்மாள். அப்புறம் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "அவங்களுக்குச் சங்கு எப்ப ஊதும்?"

"அஞ்சு மணிக்குங்க."

"அஞ்சரைக்கு வரச் சொல்லுங்க. நான் இருக்கேன். எங்க வீட்டுக்காரர் ஒருநாள் அவரே காப்பி போட்டுக் குடிப்பார்." வாசல்வரை போனவரைத் திரும்ப அழைத்து, "சட்டையை மறுபடி தேய்ச்சுக் கொடுத்துடுங்க" என்றார்.

அந்த ஐந்தரை மணி இன்றைக்கும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அறை திறந்திருக்கும், குடை கதவில் தொங்கும். பக்கிரி போயிருக்கிறார். அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டுக் காலரை இழுத்துச் சரிசெய்து அனுப்பியது அடைக்கலம்தான். அது என் சட்டை. இப்போதெல்லாம் சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறார். தங்கதுரை ஏழாவதை இரண்டாம் முறை படித்துத் தேறிவிட்டான். இன்னும் ரயில் பார்க்கத்தான் போகிறான், ஞாயிற்றுக்கிழமைகளில், அப்பாவோடு. எல்லாப் பெற்றோரும் வந்துவிடவில்லை. வராதவர்கள்தான் அதிகம். சில பிள்ளைகள் இன்றும் மதிலோரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் பின்னால் அடைக்கலம் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு, "டேய், நில்றா, உங்க வூடு எங்க இருக்குது?" என்று ஓடுவதை நான் பார்க்கிறேன்.

ஆனால் முதலில் வந்தவர் ஆராயிதான். அவரை வரவைப்பது லேசாக இருக்கவில்லை.

"நான் அங்க வந்து என்னா பேசுறது?" என்றார் ஆராயி, கம்பெனி வாசலில். "எனக்குக் கையெழுத்துகூடத் தெரியாது. நீயே எப்பவும் போல பேசிட்டு வந்துடு அண்ணே."

"நான் போயாச்சி. என்னைத் துரத்தி வுட்டுட்டாங்க. நீதான் வேணுமாம்."

"இந்தக் கோலத்துலயா?" தலை, கை, சேலை எல்லாம் வெள்ளைப் படிவு. "வூட்டுக்குப் போயி ஒரு தண்ணி ஊத்திக்கிட்டு வரேன்."

"வூட்டுக்குப் போனா நீ வர மாட்ட. எனக்குத் தெரியும்" என்றார் அடைக்கலம். தபால் விஷயமாக அங்கே வந்திருந்த என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க சார், கூட ஒரு ஆளு இருந்தா தெம்பா இருக்கும்" என்றார். தெம்பு ஆராயிக்கா, அவருக்கா என்று தெரியவில்லை.

ரயில்வே கேட்டைத் தாண்டி நாங்கள் நடந்தோம். ஆராயி முன்னால், குழந்தையோடு வாசுகி பக்கத்தில், நாங்கள் இருவரும் பின்னால். குழாயடியில் நின்று ஆராயி முகமும் கையும் கழுவிக்கொண்டார். முழங்கைக்கு மேலே வெள்ளை அப்படியே இருந்தது. பள்ளிக்கூட வாசல் வந்ததும் அவர் கால் தயங்கியது. அடைக்கலம் அந்த வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆராயியைத் தாண்டிக்கொண்டு முதலில் உள்ளே போய், திரும்பி நின்று, "வா தாயி" என்றார்.

ராஜம்மாள் தாழ்வாரத்துக்கே வந்துவிட்டார். "வாங்கம்மா" என்று ஆராயியையும் பிள்ளைகளையும் அறைக்குள் அழைத்துக்கொண்டார். எங்களைப் பார்த்து, "நீங்க வெளியிலயே இருங்க" என்றார். நாங்கள் ஜன்னலுக்கு எதிரே இருந்த பூவரச மரத்தடிக்குப் போனோம்.

பேச்சு ஜன்னல் வழியாகக் கேட்டது. முதலில் ராஜம்மாளின் குரல் மட்டும். பிறகு ஆராயி, ஒற்றை வார்த்தைகளில். குழந்தைக்கு என்ன வயது, பால் குடி மறந்துவிட்டதா, எங்கே விட்டாலும் இருப்பானா என்று ராஜம்மாள் கேட்டார். பள்ளிக்கூடப் பேச்சு இப்படி இருக்கும் என்று ஆராயி எதிர்பார்க்கவில்லை போலும். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் வந்தது.

"இவன் யாருகிட்டயும் இருப்பாங்க. அழுவ மாட்டான். திங்க மட்டும் எதுனா குடுத்துக்கிட்டே இருக்கணும்."

"அப்ப அவனையும் தூக்கிக்கிட்டு வரட்டும். ஒண்ணாங் கிளாசுல மணல் இருக்கு, விளையாடட்டும். மத்தியானம் இவளோட சாப்பிடட்டும். எங்க டீச்சருங்க முணுமுணுப்பாங்க. அதை நான் பாத்துக்கிறேன். உங்களுக்குச் சம்மதமா?"

"அவ ஒட்டுற காதுக்கும் காசு வருதுங்க" என்றார் ஆராயி மெதுவாக.

"தெரியும்."

தம்பி மேஜை மேல் இருந்த மணியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினான். வாசுகி பிடுங்கப் போனாள்.

"எட்டாவது முடிச்சா என்னாங்க ஆவும்?" என்று கேட்டார் ஆராயி.

"டீச்சர் ட்ரெய்னிங் போக, எட்டாவதுக்கு மேல ரெண்டு மூணு வருசம் படிக்கணும். நர்ஸுக்கும் அப்படித்தான். ஆகும்னு நான் சத்தியம் பண்ண முடியாதும்மா. இங்க வரலைன்னா ஆகாதுன்னு மட்டும் சொல்லுவேன்."

ஆராயி மகளைப் பார்த்தார். வாசுகி கேட்காதது போல் தம்பியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைக்க ஒன்றுமில்லாத மூக்கை.

"வரட்டுங்க" என்றார் ஆராயி. பிறகு, "நடுவுல எதுனா தப்பு பண்ணா எனக்கே சொல்லி அனுப்புங்க. வேற யாருக்கும் சொல்லாதீங்க" என்றார்.

என் பக்கத்தில் அடைக்கலம் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். சிரிப்பு.

பேச்சு அதோடு முடியவில்லை. கப்புக்குக் காது எப்படி ஒட்டுகிறீர்கள், பிய்ந்து வராதா என்று ராஜம்மாள் கேட்க, ஆராயி சொல்ல ஆரம்பித்தார். அப்போதுதான் நான் கவனித்தேன். ஆராயி இவ்வளவு நேரமும் நாற்காலியின் விளிம்பில்தான் இருந்தார். சேலையில் இருக்கும் மாவு நாற்காலியில் ஒட்டிவிடுமோ என்று முதுகைச் சாய்க்காமல் நிமிர்த்தி, பாதி எழுந்த நிலையில், யாராவது எழச் சொன்னால் உடனே எழ வசதியாக இருந்தார். அடைக்கலமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆராயி பேச்சின் நடுவே ஜன்னல் பக்கம் திரும்பியபோது, அடைக்கலம் கையை லேசாக உயர்த்தி அவர் பார்வையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, ஆராயி பார்க்கும்படியாக, பூவரச மரத்தில் தன் முதுகை மெல்ல, முழுவதுமாகச் சாய்த்துக்கொண்டார்.